மொட்டையா, பூமுடியா?

உற்சாகமாக வேலை செய்ய வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரே வேலையை வருடக்கணக்காகச் செய்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். நான் செய்து பார்த்தவன். பழனியில் முடிக்கொட்டகைக்கு வெளியே, மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வருகிறவர்களின் தலையில் சந்தனம் பூசி அனுப்புகிற கடை என்னுடையது. பெயர் ஆண்டிச்சாமி. உள்ளே பொன்னுவேல் மழித்து அனுப்புவான், வெளியே நான் பூசி அனுப்புவேன். இப்படியே எங்கள் இருவருக்கும் தலை நரைத்தது.

இது அவன் கதை. அவனை அவன், இவன் என்றுதான் எழுதப்போகிறேன். அவனும் என்னை "ஏலே ஆண்டி" என்றுதான் கடைசிவரை கூப்பிட்டான். மரியாதை கொடுத்தால் அவனுக்குக் கோபம் வரும்.

கல்யாணமான புதிதில் பொன்னுவேலுவைப் பார்த்திருக்க வேண்டும். கைக்குழந்தையைக் கொண்டுவந்து மாமன் மடியில் உட்காரவைப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும். இவன் நாக்கை அண்ணத்தில் தட்டி அணில் கத்துவது போல ஒரு சத்தம் கொடுப்பான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அணிலைத் தேடும். தேடி முடிப்பதற்குள் பாதித் தலை வழுவழுப்பாகிவிடும். தாய்மார்கள் அவன் பலகையைக் கேட்டுத் தேடி வருவார்கள். பக்கத்துப் பலகைக்காரர்களுக்கு வயிறு எரியும்.

அந்த அணில் எந்த வருடம் நின்றது என்று யாருக்கும் தெரியாது. தைப்பூசம் வரும், பங்குனி உத்திரம் வரும், மாதாமாதம் கிருத்திகை வரும். கூட்டம் அலைமோதும். ஒரு தலை எழுந்தால் அடுத்த தலை உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பொன்னுவேல் பேசுவதை விட்டான். பிறகு நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்த தலையும் உச்சியும்தான்.

"வந்தவுக மூஞ்சியைத்தான் கொஞ்சம் பாரேன்லே," என்று ஒருநாள் சொன்னேன்.

"பாத்து என்ன செய்யப்போறேன்? எனக்கு வேண்டியது மேலதானே இருக்கு," என்றான்.

குடியில்லை, சீட்டாட்டமில்லை, வீட்டில் சண்டையில்லை. அப்படி ஏதாவது இருந்தால்கூடக் காரணம் சொல்லலாம். அவன் மனைவி வடிவு என் கடைக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்றாள். வாய்க்காரி. "வீட்டுக்கு வந்தா சோத்துத் தட்டையும் குனிஞ்சபடியேதான் பாக்குறாரு. நான் மொட்டையடிச்சுட்டு வந்து நின்னாக்கூட இந்த மனுசனுக்குத் தெரியாது," என்பாள். நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்கள் இங்கே முடி கொடுப்பது இரண்டு விதம். பெரிய வேண்டுதல் என்றால் முழு மொட்டை. சின்ன வேண்டுதல் என்றால் பூமுடி. நுனியில் மூன்று விரல் அளவு கத்தரித்துக் கொடுத்தால் போதும். அதனால் பெண் வந்து உட்கார்ந்தால் முதலில், "மொட்டையா, பூமுடியா?" என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் கத்தியோ கத்தரிக்கோலோ கையில் எடுக்க வேண்டும். கொட்டகையில் நேற்று வந்து சேர்ந்தவனுக்கும் தெரிந்த முறை இது.

ஐம்பத்தெட்டாம் வருடப் பங்குனி உத்திரம். வெள்ளனே தொடங்கிய கூட்டம் உச்சி வெயிலிலும் குறையவில்லை. மேல்மலைப் பூம்பாறையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. சோலையம்மாள், அவள் மகள் முருகம்மாள், சோலையம்மாளின் தம்பி மணியன். மணியன் மட்டக்குதிரைகளில் பூண்டு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பழனிச் சந்தைக்கு இறங்குகிறவர். அவர் சந்தைக்குப் போய்விட்டார். முருகம்மாளுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை மன்னவனூர். வைகாசியில் முகூர்த்தம். நல்லபடியாக அமைந்தால் மகளுக்குப் பூமுடி எடுக்கிறேன் என்று சோலையம்மாள் நேர்ந்திருந்தாள்.

மகளைக் குளிக்கவைத்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, பொன்னுவேல் பலகைக்கு முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுத் தேங்காய் பழம் வாங்கப் போனாள் தாய். பெண் குனிந்து, கண்ணை மூடி, முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் நீட்டிய கட்டணச் சீட்டைப் பொன்னுவேல் வாங்கிப் பெட்டியில் போட்டான். ஈரத்தலை. குனிந்த தலை. கை தானாகக் கத்தியை எடுத்தது, நெற்றிக்கு மேலே வைத்து உச்சிவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தது. அந்தப் பெண்ணின் மடியில் ஒரு முழத்துக்கும் மேலான முடி வந்து விழுந்தது.

அவள் கண்ணைத் திறந்து மடியைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியது திரும்பி வந்த தாய்.

"அடப்பாவி! பூமுடிடா! வைகாசியில கல்யாணம்டா எம் புள்ளைக்கு!"

தேங்காய் உருண்டது. கொட்டகையே எழுந்து நின்றது. நான் சந்தனக் கையோடு ஓடினேன். பொன்னுவேல் கத்தியைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தான். சுற்றி நின்றவர்களில் ஒருவன் அவனை அடிக்கக் கையை ஓங்கினான். அப்போது அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"அடிக்காதீங்க. அடிச்சா முடி ஒட்டிக்கிருமா?" பிறகு பொன்னுவேலுவிடம் சொன்னாள்: "இப்பிடிப் பாதியில விட்டா நான் எப்பிடி ஊருக்குள்ள போவேன்? நீங்கதானே ஆரம்பிச்சீங்க. நீங்களே முழுசா எடுத்துருங்கண்ணே."

மீதியை அவன் எடுத்தான். கண்ணீர் வழிய வழிய எடுத்தான். அவ்வளவு மெதுவாக அவன் யாருக்கும் மழித்ததில்லை. தாய் தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் அந்தப் பெண் என் கடைக்கு முன்னால் வந்து நின்றபோது, என் கைக்குச் சந்தனம் பூச மனம் வரவில்லை. "பூசுங்க," என்றாள் அவளே.

கொட்டகை மேஸ்திரி சேனாதிபதி கெட்டிக்காரர். சாயங்காலமே பொன்னுவேலுவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளைதான் மொட்டைன்னு சொல்லுச்சு, எடுத்தேன்னு சொல்லிரு. அவுகளும் ஊருக்குப் போயிட்டாக. இதோட விட்ரு," என்றார். பொன்னுவேல் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுநாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். பெண்கள் வந்தால் எழுந்து வேறு பலகையைக் கைகாட்டினான்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் மணியன் சந்தைக்கு வந்தார். குதிரைகளைப் புளியமரத்தில் கட்டிவிட்டு நேரே என் கடைக்கு வந்தார். பொன்னுவேலும் அப்போது அங்கே நின்றிருந்தான்.

"கல்யாணம் நின்னுரும் போல இருக்குங்க," என்றார்.

முடி போனதுக்காகவா என்று கேட்டேன். முடி போனால் வளர்ந்துவிடும், அது பெரிதில்லை என்றார். பெரிது வேறொன்று. மாப்பிள்ளையின் தாய் குப்பம்மாள் விவரமான பெண்பிள்ளை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு யாராவது சும்மா மொட்டை போடுவார்களா என்று கேட்கிறாளாம். உயிருக்குப் போராடினால்தானே மேல்மலையில் முழு மொட்டைக்கு நேர்ந்துகொள்வார்கள். அப்படியானால் பெண்ணுக்கு ஏதோ பெரிய சீக்கு இருந்திருக்கிறது. வலிப்போ, சித்தக்கோளாறோ. அதை மறைத்துப் பெண் கொடுக்கப் பார்க்கிறார்கள். சோலையம்மாள் எவ்வளவு சத்தியம் செய்தும் கேட்கவில்லையாம்.

"நாவிதர் தப்பா எடுத்துட்டாருன்னு சொன்னா, 'பழனியில பொழுதுக்கும் அதே சோலியாக் கெடக்குற ஆளு தப்பா எடுப்பானா, கதை கட்டாதீங்க'ன்னு சொல்லுது அந்தம்மா. அதுக்கு நாங்க என்னத்தைச் சொல்ல?"

மணியன் சண்டைக்கு வரவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். சண்டைக்கு வந்திருந்தால் பொன்னுவேலுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டான்.

"நீங்க எப்ப மேல ஏறுறீங்க?" என்று கேட்டான்.

"நாளைக்கு வெள்ளனே."

"நானும் வாரேன்."

வடிவு என்னைப் பார்த்த பார்வையில் நானும் கூடப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு மலையும் ஆகாது, குளிரும் ஆகாது. போனேன்.

சுமை இறக்கிய குதிரைகளுக்குப் பின்னால் நடந்தோம். வில்பட்டியில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து மறுநாள் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது என் முட்டி இரண்டும் என்னுடையதாக இல்லை. சீசன் தொடங்கியிருந்தது. ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். குதிரைகளுக்குக் கொள்ளு வாங்க மணியன் பஜாருக்குள் போனார். நாங்கள் ஒரு சலூன் வாசலில் நின்றோம். உள்ளே சுழல் நாற்காலி, அதற்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி. ஒரு ஸ்கூல் வாத்தியார் வந்து உட்கார்ந்தார். சலூன்காரன் அவர் பின்னால் நின்று, கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்து, "கட்டிங்கா சார், ஷேவிங்கா?" என்று கேட்டான்.

பொன்னுவேல் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. நான் ஏரியைப் பார்ப்பது போல இருந்துகொண்டேன்.

மன்னவனூரில் குப்பம்மாள் வீட்டு வாசலில் பூண்டு மலைபோலக் குவிந்திருந்தது. அவள் தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்புக்கு மேலே பரண். கட்டிய பூண்டைப் புகையில் தொங்கவிட்டிருந்தார்கள். மகன் குழந்தைவேல் காட்டுக்குப் போயிருந்தான். அக்கம்பக்கத்தார் நாலு பேர் கூடினார்கள். பொன்னுவேல் யாரென்று மணியன் சொன்னதும் குப்பம்மாள் கட்டுவதை நிறுத்தாமல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பழனிக்காரரே, நானும் மொட்டை போட்டவதான். எம் மகன் நாலு வயசுல வாந்தி பேதியில கெடந்தப்ப நேந்துக்கிட்டேன். சும்மா யாரும் போட மாட்டாக. அந்தப் புள்ளைக்கு என்ன சீக்கு? மறைக்காமச் சொல்லுங்க."

"சீக்கு அந்தப் புள்ளைக்கு இல்லைங்க. எனக்குத்தான்," என்றான் பொன்னுவேல்.

அவள் கை நின்றது.

"பாக்காம வேலை செய்யுற சீக்குங்க. எத்தனையோ வருசமா நான் ஒரு முகத்தையும் பாத்ததில்லை. அன்னிக்கு அந்தப் புள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும். கேக்கலை. கை அது பாட்டுக்கு எடுத்துருச்சு. தப்பு என்னோடது. அது பூமுடி குடுக்க வந்த புள்ளைங்க."

"பூம்பாறைக்காரவுக காசு குடுத்து இப்பிடிச் சொல்லச் சொன்னாகளா?"

பொன்னுவேல் இடுப்பிலிருந்து கத்திப்பையை எடுத்தான். அதை வீட்டில் விட்டுவிட்டு அவன் எங்கும் போனதில்லை. பூண்டுக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் கையை வைத்தான். "நான் சொன்னது பொய்யின்னா இந்தக் கத்தி இனிமே என் கையில நிக்கக் கூடாது."

குப்பம்மாள் லேசில் மசிகிறவள் இல்லை. "சத்தியத்தைப் பண்ணிட்டு இடுப்புல சொருகிட்டுப் போயிருவீங்க. கீழ எறங்குனதும் எடுத்துச் செரைப்பீங்க. உங்க சத்தியத்தை நான் எங்க வந்து பாக்க?"

"அப்ப நீங்களே வச்சுக்கங்க," என்றான். "கல்யாணம் முடியட்டும். முடியலைன்னா எனக்கு அது வேண்டாம்."

நான் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். வைகாசி விசாகம் வருகிறது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், இவனுக்கென்ன கிறுக்கா என்று எனக்கு ஆத்திரம். அவன் என் கையைத் தட்டிவிட்டான். குப்பம்மாள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பரணில் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஆணியில் மாட்டினாள். "யோசிச்சுச் சொல்றேன்," என்று மட்டும் சொன்னாள். எங்களுக்கு மோரும் சோறும் போட்டாள்.

பழனிக்குத் திரும்பியதும் சேனாதிபதி தலையில் அடித்துக்கொண்டார். வேறு கத்தி தருகிறேன், உட்கார் என்றார். பொன்னுவேல் மாட்டேன் என்றுவிட்டான். வடிவு இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் கூடுதலாகப் பூ வாங்கிக் கட்ட ஆரம்பித்தாள். அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கொட்டகைக்குள் போகவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தது என் கடை. வந்து உட்கார்ந்தான்.

"சும்மா உக்காந்திருக்காதே, பூசு," என்று சந்தனக் கிண்ணத்தைத் தள்ளினேன்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. கொட்டகைக்குள் வருகிறவர்கள் குனிந்து உட்காருவார்கள். சந்தனத்துக்கு வருகிறவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். முகம் நேருக்கு நேராக இருக்கும். புது மொட்டையோடு வருகிறவன் குழந்தை மாதிரி, எதையாவது சொல்லத் துடிப்பான். இத்தனை வருடமாக என்னிடமும் சொல்லித்தான் இருக்கிறார்கள். நான்தான் காதில் போட்டுக்கொண்டதில்லை. பொன்னுவேல் கேட்டான்.

"யாருக்காகங்க இந்த மொட்டை?"

ஆடலூர்க்காரர் ஒருவர், மிளகுத் தோட்டத்தில் மரத்திலிருந்து விழுந்தும் பிழைத்த தம்பிக்காக என்றார். பக்கத்தில் அந்தத் தம்பியே நின்று சிரித்தான். கொடைக்கானல் அட்டுவம்பட்டியிலிருந்து வந்த ஒரு சமையல்காரர், மகள் பரீட்சையில் தேறியதற்காக என்றார். ஒரு அம்மாள் மொட்டைத் தலையைத் தடவித் தடவிப் பார்த்து, "காத்து படுறது இப்பிடியா இருக்கும்! இது தெரியாமப் போச்சே," என்று வெட்கமில்லாமல் சிரித்தாள். யாருக்காக என்று கேட்டதற்கு, "எனக்காகத்தான். ஏன், எனக்காக நேந்துக்கக் கூடாதா?" என்றாள். பொன்னுவேல் அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஒருத்தர் அவனை உற்றுப் பார்த்து, "நீங்க உள்ளல்ல இருப்பீங்க? வருசா வருசம் உங்ககிட்டத்தானே எடுக்குறேன். மகன் பட்டாளத்துல இருக்கான், அவனுக்காக," என்றார். பொன்னுவேலுவுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை.

"ஏலே ஆண்டி, இவுகல்லாம் இதைத்தான் கொண்டுவந்து என் முன்னாடி குனிஞ்சாகளா?" என்று கேட்டான்.

"நீ கதை கேக்குறதுல வரிசை மரத்தடி வரைக்கும் நிக்குது, வெரசாப் பூசு," என்றேன். எனக்கு எரிச்சல்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் காலையில் கடை திறக்க எனக்கும் கால் கொஞ்சம் வேகமாகப் போனது. இன்று யார் என்ன சொல்லப்போகிறார்களோ என்று இருந்தது.

அணில் சத்தமும் அங்கேதான் திரும்பி வந்தது. தலையில் சந்தனம் பட்டதும் சில்லென்று குழந்தைகள் அழும். ஒருநாள் அவனையறியாமல் நாக்கைத் தட்டினான். பூக்கட்டிக்கொண்டிருந்த வடிவு நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி பூவைக் கையில் எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

ஆனாலும் மலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மணியனையும் காணோம். வைகாசி நெருங்க நெருங்க அவன் சாயங்காலமானால் மலைப்பாதை இறங்குகிற பக்கம் போய் நின்றுவிட்டு வருவான். கல்யாணம் நின்றுவிட்டால் கத்தி போகும். அது பெரிதில்லை என்றான். தன்னை அடிக்க வந்தவனைத் தடுத்த அந்தப் பெண், காலமெல்லாம் இல்லாத சீக்கைச் சுமக்க வேண்டும். அதுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

அப்படி ஒருநாள் ஒரு வாலிபன் கடைக்கு வந்தான். மொட்டை இல்லை. முகத்தில் வாரக்கணக்கில் மழிக்காத தாடி, தோளில் கம்பளி. நெற்றிக்குச் சந்தனம் வேண்டும் என்றான். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே, "அங்க பொன்னுவேலுன்னு ஒரு கத்திக்காரரு இருப்பாராமே, அவரு இல்லையா?" என்று கேட்டான்.

"அவருகிட்டக் கத்தி இல்லைங்க தம்பி. மேல்மலையில ஒரு வீட்டுப் பரண்ல தொங்குது," என்றான் பொன்னுவேல், சந்தனத்தைக் குழைத்தபடி.

"கத்தி இல்லாம எப்பிடிப் பொழைக்கிறாரு?"

"பொண்டாட்டி பூக் கட்டுது. சிநேகிதன் சந்தனம் பூசச் சொல்றான். கஷ்டந்தான்."

"பின்ன வேற கத்தி வாங்க வேண்டியதுதானே?"

"வாங்கலாம். ஒரு புள்ளை பேரு கெட்டுப்போய்க் கெடக்கு. அது சரியாகாம எந்தக் கத்தியும் அவரு கையில நிக்காதுங்க." வாலிபனின் நெற்றியில் பூசிவிட்டு அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தான். "உங்களுக்கு என்ன வேண்டுதல் தம்பி?"

"இன்னும் வேண்டிக்கலை," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆகியிருக்கும். மணியனின் குதிரைச் சலங்கை கேட்டது. குதிரைகளைக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தார். "முகூர்த்தம் சொன்ன தேதியிலயே வச்சுட்டாங்க! உங்களையும் வரச் சொல்லுது அந்தம்மா!"

இந்தத் தடவை வடிவும் வந்தாள். என் முட்டி அந்த முறை ஏன் வலிக்கவில்லை என்று தெரியவில்லை. வழியில் கொடைக்கானல் பஜாரில் பொன்னுவேல் ஒரு கண்ணாடி வாங்கினான். மரச்சட்டம் போட்டது, ஒரு முழ உயரம். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை.

மன்னவனூரில் கல்யாணத்துக்கு முந்தின நாள் குப்பம்மாள் பரணிலிருந்து கத்திப்பையை எடுத்து வந்தாள். "மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கணும். எங்க ஊரு ஆளைச் சொல்லலை. நீங்களே செய்யுங்க," என்று கொடுத்தாள். பை முழுக்கப் பூண்டு நாற்றம். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான். பொன்னுவேல் முதலில் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க சந்தனம் வாங்க வந்த தம்பியில்ல?"

குழந்தைவேல் வெட்கப்பட்டான். "எங்கம்மாதான் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுச்சு. கத்தி எடுத்து வேலை செஞ்சுக்கிட்டிருந்தா உங்க பேச்சு பொய்யின்னு சொல்லி அனுப்புச்சு."

பொன்னுவேல் கத்தியைத் தீட்டினான். கன்னத்தில் தண்ணீர் தடவும் முன் கேட்டான்: "மீசை வைக்கவா, எடுக்கவா?" கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வடிவு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். மறுநாள் முருகம்மாள் இரண்டு விரல் முடி தெரியாமல் தலை முழுக்கப் பூ வைத்துக்கொண்டு மணவறைக்கு வந்தாள். அந்தப் பூ முழுக்க வடிவு கட்டியது.

அதன் பிறகு பொன்னுவேல் எந்நேரமும் உற்சாகமாகவே இருந்தான் என்று எழுதினால் அது பொய். கூட்ட நாட்களில் இடுப்பு வலிக்கிறது என்று புலம்புவான். மழை நாட்களில் சோம்பிக் கிடப்பான். கொஞ்ச நாளைக்கு அவன் மழித்த தலையெல்லாம் பூண்டு மணக்கிறது என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அதை மறைக்க நான் சந்தனத்தைக் கெட்டியாகப் பூச வேண்டியிருந்தது. ஆனால் பலகைக்கு எதிரே அந்தக் கண்ணாடியைச் சாத்தி வைத்தான். குனிந்தாலும் அதில் முகம் தெரியும். மனது சலித்து, கை தானாகப் போகிற நேரம் அவனுக்கே தெரியும். அப்போது நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "யாருக்காகங்க?" என்று கேட்பான். அந்தப் பதிலோடு அந்தத் தலை முடியும். அடுத்த தலைக்குத் தெம்பு வந்துவிடும். வேறு மந்திரம் ஒன்றும் அவனிடம் இல்லை.

அறுபத்தொன்றாம் வருடம் கார்த்திகையில் மணியன் மடியில் ஒரு குழந்தையோடு வந்து உட்கார்ந்தார். குழந்தைவேல் பக்கத்தில் நின்றான். முருகம்மாளின் தலைச்சன் பிள்ளை. அணில் கத்தியது. குழந்தை தேடியது. மொட்டை முடிந்தது. என்னிடம் வருவார்கள் என்று சந்தனத்தோடு நின்றேன். வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன்.

முருகம்மாள் இன்னொரு சீட்டை நீட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள். தோளுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது.

"உனக்கு எதுக்கு தாயி? நீதான் அன்னிக்கே முழுசாக் குடுத்தாச்சே," என்றான் பொன்னுவேல்.

"அது நான் குடுத்தது இல்லைங்கண்ணே. நீங்க எடுத்தது," என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. "எங்கம்மா நேந்தது பூமுடி. அதை நான் இன்னும் குடுக்கலை. உங்க கையாலதான் குடுக்கணும்."

கத்தியைக் கீழே வைத்தான். கத்தரிக்கோலை எடுத்தான். எடுத்தவன் மறுபடி கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்குள் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணை மூடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொட்டையா தாயி, பூமுடியா?"

"பூமுடிங்கண்ணே."

நுனியைப் பிடித்துக் கத்தரித்தான். ஒரு விரல் அளவுகூட இருக்காது. அதற்குமேல் அவனுக்குத் துணிவு வரவில்லை. போதுமா என்பது போலக் கண்ணாடியைப் பார்த்தான்.

முருகம்மாள் சிரித்தாள். "மூணு விரல் எடுக்கணும்ல? பயப்படாம எடுங்கண்ணே. இது நான் குடுக்குறது."

எடுத்தான்.